கழலாதது கழற்றித் தரப்படும்

சாத்தூர் ஆஸ்பத்திரியில் காலையில் நோயாளிகளின் கட்டுகளையெல்லாம் மாற்றி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வார்டு வாசலில் சுப்பையா அண்ணாச்சி நின்றார். சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்ப்பவர். வேலை நாளில் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாய் வேறு எதையோ கேட்டது.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல யாருக்காச்சும் உடம்புக்குச் சரியில்லையா?"

"சொர்ணம் அக்கா போயிட்டாக, நர்சம்மா. விடியக்காலம் காப்பி கேட்டிருக்காக. அவுக தங்கச்சி போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அடக்கம் மறுநாள் மாலை நடந்தது. கிறிஸ்தவக் கோயிலில் நடந்த ஆராதனையில் ஒரு பெரியவர் அக்காவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். "அடக்கமே உருவானவர், யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர்" என்று அதில் இருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். இறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டை ஞானசொர்ணம் அக்காவுக்குப் பொருந்தாது. அவரை அறிந்தவர்கள் அதற்குச் சாட்சி. அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அக்கா ஒரு பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தார். கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. தங்கை குடும்பத்தோடு சிவகாசியில் குடியிருந்தார். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் பள்ளியின் பின்கட்டு அறைக்குள் வெள்ளம் புகுந்து, ஆறு தையல் மெஷின்களும் இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் வடிந்து பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை. மதுரையிலிருந்து வந்த ஏஜெண்ட் ஒரு மெஷினின் சக்கரத்தைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இனி இது பழைய இரும்புக்குத்தான் ஆகும், புதுசு ஆர்டர் போடுங்க" என்றாராம்.

"நீங்க மெஷினைப் பார்க்கவே இல்லையே. ஆர்டர் புஸ்தகத்தைத்தானே பார்த்தீக?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

தலைமையாசிரியை கண்ணால் அதட்டியும் கேட்கவில்லை. ஒரு மெஷினைச் சாக்கில் கட்டி மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஒன்பது நாள். ஒவ்வொரு திருகாணியின் கழுத்திலும் கோழி இறகால் மண்ணெண்ணெய் தொட்டு வைப்பார். காலையில் ஒரு தரம், பள்ளி விட்டு வந்து ஒரு தரம். எதையும் அடிக்க மாட்டார். ஒரு சின்னப் பித்தளைக் கம்பியை வைத்து, தூங்குகிறவர்களை எழுப்புவதுபோல் தட்டுவார். திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பு முறுக்குகிற பக்கமே ஒரு மயிரிழை திருப்பிப் பார்ப்பார். துருவின் பிடி அதில்தான் முதலில் விடும் என்று எங்கும் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை. நான்காவது திருகாணியை அவசரப்பட்டு உடைத்துவிட்டு, ஐந்தாவதில் கண்டுபிடித்தார். "உடைஞ்சதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்துச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பத்தாம் நாள் அந்த மெஷின் ஓடியது. அடுத்த இரண்டு மாதத்தில் மீதி ஐந்தும் ஓடின. பள்ளியில் பாராட்டுவார்கள் என்று நினைத்தால், நிர்வாகக் குழுவில் ஒருவர், "டீச்சர் நகத்துக்குள்ள கிரீஸ் இருக்கு. பிள்ளைகளுக்கு இது என்ன முன்மாதிரி?" என்று கேட்டார்.

"நல்ல முன்மாதிரி" என்று சொல்லிவிட்டு, அக்கா அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

அச்சாபீஸ்கள் இருந்த தெரு ஒன்றில் ஒரு சின்னக் கடையை வாடகைக்குப் பிடித்தார். வாசலில் ஒரு தகரப் பலகை: 'தையல் மெஷின், ஸ்டவ், சில்லறை யந்திரங்கள். கழலாதது கழற்றித் தரப்படும்.' தெருவே சிரித்தது. ஒரு பொம்பளை ஸ்பானர் பிடித்துக் கடை வைத்தால், நம் ஊரில் என்ன பட்டம் கொடுப்பார்கள்? 'மரை கழண்டவ' என்றார்கள். எதிர்க்கடைக்காரர் அதை ஒருநாள் அவர் காதுபடவே சொல்லிவிட்டார்.

"சரியாத்தான் சொல்றீக அண்ணாச்சி. மரையைக் கழட்டத்தானே கடையே போட்டிருக்கேன். உங்க வீட்டுல ஏதும் இறுகிக் கிடந்தா எடுத்துட்டு வாங்க" என்றார் அக்கா. அந்த அண்ணாச்சி வீட்டு ஸ்டவ்தான் மறுவாரம் முதலில் வந்தது. அவர் மனைவி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் டாக்டர் கோபக்காரர். அவருடைய பெரிய கண்ணாடி ஊசிக்குழாயை நான் சரியாகக் கழுவாமல் காய வைத்துவிட்டேன். உள்ளே இருக்கும் தண்டு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. அழுதுகொண்டே அதைத் துணியில் சுற்றி அக்காவின் கடைக்குக் கொண்டுபோனேன். அதற்கு முன் அவரோடு பேசியதுகூட இல்லை.

"இதுக்கா அழுதீக? உக்காருங்க" என்றார். தண்டு உள்ளே கூடாக, மேல்முனை திறந்தபடி இருந்தது. அதற்குள் பானைத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டு நிரப்பினார். பிறகு குழாயை மட்டும் வெந்நீரில் மெல்ல இறக்கினார். "வெளிய இருக்கறது சூட்டுல பெருக்கும். உள்ள இருக்கறது குளிர்ச்சியில அப்படியே இருக்கும். அப்ப பிடி விட்டுத்தானே ஆகணும்?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. என் பெயர் கேட்டார். கிரேஸ் என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'ஏ கிரேசு'. எனக்கும் அவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். ஆனாலும் கடைசிவரை அக்கா என்றுதான் அழைத்தேன்.

சுப்பையா அண்ணாச்சியின் கை சிக்கியது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. கோடை காலம், பிற்பகல். காலால் மிதித்து ஓட்டும் சின்ன அச்சு யந்திரத்தைச் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் இரண்டு இரும்புப் பலகைகள் வாய் திறந்து மூடுவதுபோல் திறந்து மூடும். ஒன்றில் எழுத்து இருக்கும், மற்றதில் தாளை வைக்க வேண்டும். சுப்பையா தாளை வைக்கும்போது மேலே இருந்த ஸ்பானர் ஒன்று உருண்டு சக்கரப் பற்களுக்குள் விழுந்துவிட்டது. யந்திரம் மூடிய நிலையில் அப்படியே பூட்டிக்கொண்டது. உள்ளே அவருடைய வலது கை மணிக்கட்டுவரை மாட்டிக்கொண்டது.

டாக்டரும் நானும் போய்ச் சேர்ந்தபோது அச்சாபீஸ் முழுக்கக் கூட்டம். சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பானர் இன்னும் ஆழமாக இறங்கிக் கையை இறுக்கியதுதான் மிச்சம். பலகையை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கைகள் யந்திரத்தின் இரு பக்கமும் உண்டு; அவற்றின் நட்டுகளைக் கழற்றினால்தான் பலகை விலகும். ஒரு பக்கத்து நட்டை எப்படியோ கழற்றிவிட்டார்கள். இடது பக்கத்து நட்டு வரவில்லை. அச்சு மையும் தூசியும் துருவும் சேர்ந்து கல்லாகிப் போயிருந்தது. மூன்று பேர் நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சுப்பையா அலறினார். பிறகு அலறலும் நின்றுபோனது.

டாக்டர் நாடி பார்த்தார். வெளியே தெரிந்த கை நீலம் பாய்ந்திருந்தது. என்னைத் தனியே அழைத்து, "மணிக்கட்டோட எடுத்துர வேண்டியதுதான். தாமதிச்சா ஆளே தங்க மாட்டான். பெட்டியைத் திற" என்றார். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நான் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. நான்கு கடை தள்ளித்தான் அவர் கடை. சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

"டாக்டர் ஐயா, கத்தியை உள்ள வைங்க. கையை வெட்டுனா மறுபடி வராது. நட்டை வெட்டுனா வேற நட்டு வரும்."

"யாரம்மா நீ? நேரமில்லை."

"பத்து நிமிஷம் கொடுங்க. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நில்லுங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்டா என்னைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க."

டாக்டர் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். குழாயில் தொங்கிக்கொண்டிருந்த மூன்று ஆண்களையும் அக்கா விலகச் சொன்னார். அவர்கள் விலகவில்லை. "விலகுங்கலே!" என்று அவர் போட்ட சத்தத்தில் அச்சாபீஸ் முதலாளியே இரண்டடி பின்னால் போனார். அக்கா நட்டைத் தொடக்கூட இல்லை. முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டின் நுனியைத் துடைத்தார். மை கரைந்து மரையின் கோடுகள் தெரிந்தன. குனிந்து பார்த்தார். விரல் நகத்தால் ஒரு கோட்டைப் பின்தொடர்ந்தார்.

"அடப் பாவிகளா! இது இடது மரைல்லா. எல்லா நட்டும் ஒரே பக்கம் கழலுமா? இம்புட்டு நேரமும் கழட்டல, முறுக்கியிருக்கீக!"

ஓடும்போது தானாகக் கழன்று விழாமலிருக்க அந்தப் பக்கத்து மரையை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். மூன்று ஆண்களும் தங்கள் முழு பலத்தோடும் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா மண்ணெண்ணெய் ஊற்றினார். ஊது விளக்கைக் கேட்டு வாங்கி, நட்டின் மேல் மட்டும் தீ படும்படி பிடித்தார். ஈரத்துணியைச் சுப்பையாவின் பக்கம் போர்த்தி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நட்டின் ஆறு பக்கங்களிலும் சுத்தியலால் சிறு தட்டு. பிறகு ஸ்பானரை மறுபக்கம் போட்டு, குழாயை மாட்டி, "இப்ப தொங்குங்க. இந்தப் பக்கம்" என்றார்.

'டக்' என்று ஒரு சத்தம். நட்டு விட்டது.

டாக்டர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டார். "எட்டு நிமிஷம்" என்று மட்டும் சொன்னார். சுப்பையாவுக்கு இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மற்றபடி அது அவருடைய கை. இன்றைக்கும் அதே கையால்தான் அச்செழுத்துக் கோக்கிறார்.

அதன் பிறகு தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அச்சாபீஸ்காரர்கள் ஆள் அனுப்பி அழைத்தார்கள். அந்தப் புகழ்தான் அக்காவை நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டுபோனது. கம்பெனியின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. தீபாவளிக்கு முந்தைய சீசன். எனக்கு அன்று விடுமுறை. கடைவீதிக்குப் போகலாம் என்று வந்த என்னையும், "வா, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஷெட்டுக்குள் பெண்கள் உட்கார்ந்து காகிதக் குழல்களில் மருந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு பேர். மருந்து என்று இங்கே சொல்வது வெடிக்கிற பொடியைத்தான். மூலையில், மருந்தை அழுத்துவதற்கு, கையால் திருகும் ஒரு சின்னப் பிரஸ். அதன் திருகுத் தண்டு இரண்டு நாளாக அசையவில்லை. பக்கத்தில் முத்து என்ற ஆள் பெரிய சம்மட்டியோடு தயாராக நின்றார். அக்கா போய்க் குனிந்து பார்த்தார். மரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகியிருந்தது.

"எத்தனை நாளா இதைத் துடைக்கல?"

"சீசன்ல எங்கம்மா துடைக்க?" என்றார் மேனேஜர்.

"இது துரு இல்ல. மருந்து. இங்கன தீ ஆகாது, அடி ஆகாது. ஈரச் சாக்கைச் சுத்தி வெளிய தூக்கிட்டுப் போயி தண்ணித் தொட்டியில இறக்குங்க. நாளை சாயங்காலம் வந்து கழட்டித் தாரேன்."

"நாளைக்கா? விடிஞ்சா லாரி லோடு ஏத்த வருது. அம்புட்டு நல்லாக் கழட்டுவீகன்னு சொன்னாக, நீங்க ஊறப்போடச் சொல்றீக. ஏலே முத்து, ரெண்டு போடு போடு. வந்துரும்."

முத்து சம்மட்டியை எடுத்தார். அக்கா பிரஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். திரும்பிப் பார்க்காமலே பெண்களிடம் பேசினார்.

"எல்லாரும் கையில இருக்கறதை மெதுவாக் கீழ வைங்க. மெதுவா. எந்திரிச்சு வெளிய போங்க. கிரேசு, நீயும் போ."

"அவுக சொன்னா எந்திரிக்கிறதுக்கு, அவுகளா உங்களுக்குக் கூலி கொடுக்காக?" என்று மேனேஜர் கத்தினார்.

ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு வாசலோரம் இருந்த காளியம்மாள் என்ற பெண் மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "உசுரு இருந்தாத்தானே கூலி வாங்க முடியும்" என்றார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் வெளியே வந்தார்கள். நானும் வந்தேன். அக்கா மட்டும் உள்ளே நின்றார். எதிரே சம்மட்டியோடு முத்து. சற்று நேரத்தில் முத்துவும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். மேனேஜர் பக்கம் நிற்க யாருமில்லை.

அக்கா ஒரு மூங்கில் சிம்பை நனைத்து, அந்த மரையிலிருந்து ஒரு அரிசி மணி அளவு சுரண்டிக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஷெட்டிலிருந்து வெகுதூரம் நடந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறையில் அதை வெயிலில் காயப் போட்டார். காய்ந்ததும் முத்துவை அழைத்து, "இப்ப உன் சம்மட்டியால லேசா ஒரு தட்டுத் தட்டு. மூஞ்சியைத் திருப்பிக்கோ" என்றார்.

முத்து தட்டினார். காது அடைத்தது. சம்மட்டி அவர் கையைவிட்டு எகிறி விழுந்தது. பெண்கள் அத்தனை பேரும் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தார்கள். அந்தத் திருகுத் தண்டு முழுக்க எத்தனை அரிசி மணி இருந்தது என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் நினைத்திருப்பார்கள். நான் நினைத்தேன்.

பிரஸ் தொட்டிக்குப் போனது. மறுநாள் மாலை அக்கா போய், தண்ணீருக்குள்ளேயே வைத்து, இரண்டு கையால் திருகித் தண்டைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. லோடு ஒரு நாள் தாமதம். அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்ததை மேனேஜரால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாவற்றிலும், அக்காவைக் கூப்பிடக் கூடாது என்று பேச்சுப் பரவியது. அச்சாபீஸ்களிலும் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். பட்டாசுக்காரர்களின் லேபிள் ஆர்டரை நம்பிப் பிழைத்தவர்கள் அவர்கள்.

நான் செய்த தவறை இங்கே எழுதிவிட வேண்டும். கடையில் வேலையில்லாமல் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்கக்கா, எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னைக்கு மன்னிப்புக் கேட்டா, அடுத்த தடவை நான் நகந்து வழி விட்டுருவேன். உனக்கு அது வேணுமா?" என்றார். பிறகு, "நீ போ" என்றார். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அக்காவிடம் அந்தக் குணமும் இருந்தது. கோபம் வந்தால் சட்டென்று ஆறாது. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, எதுவுமே நடக்காததுபோல், "ஏ கிரேசு, டீ கிடைக்குமா?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் டீ குடித்தார்.

கம்பெனிகள் வரவில்லை என்றால் என்ன? பெண்கள் வந்தார்கள். காளியம்மாள்தான் முதலில் வந்தார். யாரோ எறிந்துவிட்ட ஒரு தையல் மெஷினைத் தலையில் சுமந்து கொண்டுவந்து இறக்கினார். அது ஓடத் தொடங்கியதும் பட்டாசு வேலையை விட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். வெம்பக்கோட்டையிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் சாக்கில் கட்டிய மெஷின்கள் பஸ் கூரையில் ஏறி வந்தன. அச்சாபீஸ்காரர்களும் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். நாரணாபுரத்து மேனேஜர் மட்டும் கடைசிவரை வரவில்லை. அக்கா அதற்காக வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

கடந்த ஒரு வருஷமாக நெஞ்சில் நோவு. படி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கடையை மூடவில்லை. மூன்று வாரத்துக்கு முன் நான் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தார். கால் வீங்கியிருந்தது. போர்வையைச் சரிசெய்யப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"நர்சு வேலையை ஆஸ்பத்திரியில பாரு. இங்கன உக்காந்து பேசு" என்றார். பேச்சுக்கு நடுவில், "எங்க தெருவுல யாராவது செத்தா மெஷினை நிறுத்துவாக. எனக்கு நிறுத்த வேண்டாம்னு சொல்லிரு. நிக்கிற மெஷின்லதான் துரு ஏறும்" என்றார். நான் மறுபடியும் போர்வையைச் சரிசெய்யப் போனேன். "சொல்லுவியா மாட்டியா?" என்று அதட்டினார். சொல்வதாக ஒப்புக்கொண்டேன். சொன்னேன்.

ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது கோயில் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இந்துக்கள். சுடுகாட்டுக்கோ கல்லறைக்கோ பெண்கள் போகிற வழக்கம் அவர்கள் வீடுகளில் இல்லை. உறவுக்காரர் ஒருவர் கை நீட்டி, "பொம்பளைக எல்லாரும் இதோட நின்னுக்கிடுங்க" என்றார்.

காளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார். "நாங்க வருவோம். வழி விடுங்க" என்றார். அவர் வழி விட்டார். வேறு என்ன செய்ய முடியும்? நாற்பது பெண்களுக்கு மேல் இருப்போம்.

பெட்டி அச்சாபீஸ் தெருவுக்குள் திரும்பியது. இரு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன. ஒரு யந்திரமும் நிற்கவில்லை. சட், சட் என்று அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. மிதித்துக்கொண்டிருந்தவர்கள் காலை நிறுத்தாமலே, ஒரு கையால் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார்கள். அழுதவர்களும் மிதித்துக்கொண்டேதான் அழுதார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் நடந்தோம்.

அக்கா, உங்களுக்காக யாரும் நிற்கவில்லை. யந்திரங்களும் நிற்கவில்லை, பெண்களும் நிற்கவில்லை. குழி வரைக்கும் உங்களோடு வந்து, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் திரும்பினோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.